தீவாந்தரம் போன சிறுமி: மேரி வேட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1788 முதல் 1868 வரை பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் சுமார் 1,62,000 கைதிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோர் திருட்டு வழக்கில் மாட்டியவர்கள். லண்டன் தெருவைக் கூட்டுவதும் பிச்சையெடுப்பதுமாக இருந்த மேரி வேட் என்ற சிறுமி அவர்களில் ஒருத்தி. அவள் கதையைக் கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவளோடு தொடர்புள்ள வேறு சிலரும் நடுவில் வந்து போவார்கள்.

தீவாந்தரம் என்றால் அந்தமான்தானே? ஆஸ்திரேலியா எங்கிருந்து வந்தது?

நம் பக்கத்துப் பழைய கோர்ட்டுத் தமிழில் 'தீவாந்தர சிட்சை' என்பார்கள். குற்றவாளியைக் கடல் தாண்டி அனுப்பிவிடுவது. நமக்கு அது அந்தமானோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் போர்ட் பிளேர் பெரிய கைதிக் குடியிருப்பாக ஆனது 1858-க்குப் பிறகுதான். ஆங்கிலேயர்கள் தங்கள் சொந்த ஜனங்களை அதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்பிருந்தே கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள்.

1718 வாக்கில் அதற்கென்றே சட்டம் வந்தது. அப்போது கைதிகள் போன இடம் அமெரிக்கா. வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் சுமார் 50,000 பேரைக் கொண்டுபோய், அவர்கள் தண்டனைக் காலத்து உழைப்பை அங்கே தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். 1775-ல் அமெரிக்கர்கள் சண்டைக்குக் கிளம்பியதும் அந்த வழி அடைபட்டது. கோர்ட்டுகள் தண்டனை கொடுப்பதை நிறுத்தவில்லை, அனுப்பத்தான் இடமில்லை. ஓய்ந்துபோன பழைய கப்பல்களைத் தேம்ஸ் நதியிலும் துறைமுகங்களிலும் நங்கூரமிட்டு அதற்குள் கைதிகளை அடைத்தார்கள். அதுவும் நிரம்பியது. கடைசியில் 1786-ல், கேப்டன் குக் எப்போதோ எட்டிப்பார்த்துவிட்டு வந்த, ஆஸ்திரேலியாவில் இன்றைய சிட்னிக்குப் பக்கத்தில் இருக்கும் பாட்டனி பே என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மறுவருடம் மே 13 அன்று 11 கப்பல்கள் போர்ட்ஸ்மத்திலிருந்து கிளம்பின.

மேரி வேட் அப்படி என்னதான் திருடினாள்?

ஒரு பருத்தி கவுன், தோளில் போடும் ஒரு துணி, ஒரு குல்லா.

1788 அக்டோபர் 5. லண்டனில் அரசாங்கக் கஜானா அலுவலகத்தின் பக்கம், கையில் பாட்டிலோடு தண்ணீர் பிடிக்க வந்தது 8 வயதுக் குழந்தை ஒன்று. மேரியும் அவளுடைய தோழி, 14 வயது ஜேன் வைட்டிங்கும் அந்தக் குழந்தையைப் பக்கத்துக் கழிவறைக்குள் கூட்டிப்போய் உடம்பில் இருந்ததை உருவிக்கொண்டார்கள். கவுனை அடகுக்கடையில் 18 பென்ஸுக்கு வைத்தார்கள். விஷயம் வெளியே வந்து தேடியபோது தோள்துணி மேரியின் இருப்பிடத்தில் அகப்பட்டது.

மேரிக்கு அப்போது வயது 11 என்பாரும் உண்டு, 13 என்பாரும் உண்டு.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் அவளைப் பாவப்பட்ட பிஞ்சாக மட்டும் காட்டுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிடிபட்ட பிறகு அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தக் குழந்தையைக் கழிவறைக் குழிக்குள் தள்ளியிருக்கலாம் என்று அவள் சொன்னதாகக் கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். தெருவில் வளர்ந்த பிள்ளையின் திமிர்ப்பேச்சாக இருக்கலாம். ஆனாலும் இன்னொரு ஏழைக் குழந்தையின் உடுப்பைத்தான் அவள் உருவினாள் என்பதை மறைத்துவிட்டு அவளுக்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. மறைக்காமல் சொன்னாலும் அவளுக்குக் கிடைத்த தண்டனை அநியாயம்தான்.

இதற்கா தூக்கு?

ஆமாம். 1789 ஜனவரி 14 அன்று ஓல்ட் பெய்லி கோர்ட்டில் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதித்தார்கள். காரணம், வழக்கு வெறும் திருட்டாகப் பதிவாகவில்லை. ஆளை மிரட்டிப் பறித்ததால் வழிப்பறி ஆகிவிட்டது. வழிப்பறிக்குத் தண்டனை சாவு.

அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் தூக்குக்குரிய குற்றங்கள் ஏறக்குறைய 200 வரை இருந்தன. வீட்டுக்குள் 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலும் தூக்கு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜூரியில் உட்கார்ந்தவர்களும் மனிதர்கள்தானே, அவர்களே சாமர்த்தியமாகக் கணக்கைக் குறைப்பார்கள். பட்டுத்துணியும் வெள்ளி ஸ்பூனும் எத்தனை போயிருந்தாலும் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்பில் எழுதிவிட்டால் கழுத்து தப்பிவிடும். ஓல்ட் பெய்லி பதிவுகளில் இந்த 39 ஷில்லிங் வந்துகொண்டே இருக்கிறது. சாவு இல்லையென்றால் என்ன கொடுப்பது? அந்த இடைவெளியில்தான் நாடு கடத்தல் கச்சிதமாகப் பொருந்தியது. தூக்கில் போடும் அளவுக்கு மனசு வராது, சும்மா விடவும் மனசு வராது. அப்படிப்பட்டவர்களைக் கடல் தாண்டி அனுப்பினார்கள்.

பிறகு எப்படிப் பிழைத்தாள்?

ராஜாவுக்குப் புத்தி தெளிந்ததால்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. மூன்றாம் ஜார்ஜுக்கு 1788 கடைசியில் சித்தம் கலங்கியது. 1789 மார்ச்சில் குணமாகிவிட்டதாக அறிவித்தார்கள். ஊரெல்லாம் விளக்கேற்றிக் கொண்டாட்டம். அந்தச் சந்தோஷத்தோடு சேர்ந்து, தூக்குக்குக் காத்திருந்த பெண்களின் தண்டனையை நாடு கடத்தலாகக் குறைத்தார்கள்.

இதைவிட ஆச்சரியம், அந்தப் பெண்களில் சிலர் முதலில் வேண்டாம் என்று மறுத்ததுதான். பேர் தெரியாத தேசத்துக்குப் போவதைவிட இங்கேயே தொங்கிவிடுகிறோம் என்றார்கள். நீதிபதி திகைத்துப்போய், மிரட்டிப் பார்த்து, தனியறையில் போட்டுப் பணியவைக்க வேண்டியிருந்தது. இன்று நமக்கு சிட்னி என்றால் ஓபரா ஹவுஸ் ஞாபகம் வரும். அவர்களுக்கு அது யாரும் திரும்பி வந்து சேதி சொல்லாத இடம்.

கப்பலில் விலங்கு போட்டு அடைத்து வைத்தார்களா?

மேரி ஏறிய கப்பல் 'லேடி ஜூலியானா'. 220-க்கும் மேற்பட்ட பெண்கள், சில கைக்குழந்தைகள். 1789 ஜூலை 29 அன்று கிளம்பி 1790 ஜூன் 3 அன்று சிட்னி சேர்ந்தது. பத்து மாதத்துக்கு மேல். அந்தக் காலக் கணக்குக்கே இது மந்தமான பயணம். டெனரீஃப், கேப் வெர்டே தீவு, ரியோ டி ஜெனிரோ, நன்னம்பிக்கை முனை என்று வழியெல்லாம் நின்று நின்று போனார்கள். ரியோவில் மட்டும் 45 நாள்.

இந்த மந்தமே அவர்களுக்கு நல்லதாகப் போயிற்று. துறைமுகத்துக்குத் துறைமுகம் புதுக் காய்கறி, பழம், நல்ல தண்ணீர். கைதிகளில் செத்தவர்கள் ஐந்தாறு பேருக்கு மேல் இல்லை. பெண்களின் விலங்கைக் கப்பலிலேயே கழற்றிவிட்டார்கள். கழற்றியவர் ஜான் நிக்கோல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கப்பலின் பண்டக அதிகாரி. சாரா வைட்லாம் என்ற கைதிப் பெண்ணின் விலங்கை அடைகல்லில் வைத்துத் தட்டிக் கழற்றியபோதே அவள்மேல் மனசு போய்விட்டது என்று வயதான காலத்தில் சொல்லி வைத்திருக்கிறார். பயணத்திலேயே அவர்களுக்குக் குழந்தையும் பிறந்தது. கப்பல் சிட்னியை விட்டுக் கிளம்பியபோது நிக்கோல் அவளையும் குழந்தையையும் விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. திரும்பிப் போவதற்கு வருடக்கணக்கில் அலைந்தார், முடியவில்லை. சாராவோ அவர் கப்பலேறிய மறுநாளே இன்னொரு கைதியைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

மாலுமிகள் ஆளுக்கொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டதும் அந்தக் கப்பலில் நடந்தது. எல்லோரும் சாரா மாதிரி விரும்பித்தான் போனார்கள் என்று சொல்வதற்கில்லை. மேரி வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன பாதுகாப்பு இருந்திருக்கும் என்று யோசித்தால் மனசு ஒப்பவில்லை.

எல்லாக் கப்பலும் இப்படித்தானா?

இல்லவே இல்லை. லேடி ஜூலியானா வந்த அதே ஜூன் மாதக் கடைசியில் நெப்டியூன், சர்ப்ரைஸ், ஸ்கார்பரோ என்று மூன்று கப்பல்கள் வந்து நின்றன. ஏற்றும்போது ஏறக்குறைய 1,000 கைதிகள். வழியிலேயே 250-க்கும் மேல் செத்திருந்தார்கள். இறங்கியவர்களில் பலர் நடக்க முடியாமல் தவழ்ந்து வந்தார்கள், இன்னும் பலர் கரையில் செத்தார்கள்.

ஒப்பந்தம் எடுத்த லண்டன் கம்பெனி அடிமை வியாபாரத்தில் பழகியது. அடிமைகளுக்குப் போடும் கால்விலங்கையே நெப்டியூனில் கைதிகளுக்கும் மாட்டினார்கள். அரசாங்கம் தலைக்கு 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்தது. எந்தத் தலைக்கு என்று கவனிக்க வேண்டும். ஏற்றிய தலைக்கு, உயிரோடு இறக்கிய தலைக்கு அல்ல. செத்தவன் சாப்பாடு கப்பல்காரனுக்கு மிச்சம். கீழ்த்தட்டில் பக்கத்தில் கிடப்பவன் செத்தாலும் அவன் பங்கு சாப்பாட்டுக்காகப் பிணத்தைச் சொல்லாமல் வைத்துக்கொண்ட கைதிகளும் உண்டு. பிற்பாடு உயிரோடு இறங்குபவருக்குத் தனிக் காசு, கப்பலுக்கு ஒரு பொறுப்பு டாக்டர் என்று கணக்கை மாற்றினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது.

இறங்கியதும் எந்த ஜெயிலில் போட்டார்கள்?

ஜெயிலே கிடையாது. பலருக்கும் நம்ப முடியாத விஷயம் இது. 1788-ல் வந்தவர்கள் கூடாரத்திலும் தாங்களே கட்டிய மண்குடிசையிலும் இருந்தார்கள். எங்கே ஓடுவது? ஒரு பக்கம் சமுத்திரம், இன்னொரு பக்கம் தெரியாத காடு. சுவர் எதற்கு? 1789 ஆகஸ்டில் திருட்டைத் தடுக்க ராக்காவல் படை ஒன்று வைத்தார்கள். அதில் இருந்த 12 பேரும் கைதிகளே. சிட்னியின் முதல் போலீஸ் அதுதான்.

கைதிகளை ராத்திரி அடைத்து வைக்கும் ஹைட் பார்க் பாரக்ஸ் கட்டியது 1819-ல். வரைந்தவர் பிரான்சிஸ் கிரீன்வே, கள்ளக் கையெழுத்துக் கேஸில் தண்டனை பெற்று வந்த கட்டடக் கலைஞர். பின்னாளில் ஆஸ்திரேலியா தன் 10 டாலர் நோட்டிலேயே அவர் படத்தைப் போட்டது! அந்த பாரக்ஸ் இப்போது அருங்காட்சியகம். அங்கே கைதிகளின் துணியும் துணுக்குகளும் நிறையக் கிடைத்ததற்கு எலிகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். தரைப்பலகைக்கு அடியில் கூடு கட்ட அவை இழுத்துப்போனதெல்லாம் கெடாமல் இருந்தது.

சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்?

மேரி போன சமயம் பஞ்சத்தின் உச்சம். கொண்டுவந்த சரக்கு தீர்ந்து, சிட்னி மண்ணில் கோதுமை சரியாக வராமல், இங்கிலாந்திலிருந்து கப்பல் வருமா என்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1790 ஏப்ரலில் வார ரேஷன் ஆளுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் மாவு, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக அரிசி, அதே அளவு உப்பிட்ட பன்றிக்கறி. அந்தக் கறியை உப்பிட்டு மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. கவர்னர் ஆர்தர் பிலிப் தன் சொந்த மாவையும் பொதுக் கிடங்கில் போட்டார். அவர் வீட்டு விருந்துக்கு வரும் அதிகாரிகள் தங்கள் ரொட்டியைத் தாங்களே கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு.

அப்படிக் காத்திருந்தவர்களுக்கு முதலில் வந்து சேர்ந்த கப்பல், 220 பெண்களை ஏற்றிய லேடி ஜூலியானா. சோறு கேட்டால் இன்னும் வாய்களை அனுப்பியிருக்கிறார்களே என்று அதிகாரி டேவிட் காலின்ஸ் எரிச்சலோடு எழுதி வைத்தார். ராஜா குணமான சேதியும் அந்தக் கப்பலில்தான் வந்தது. சிட்னி அதைக் கொண்டாடியபோது, அந்தக் குணத்தால் உயிர் பிழைத்த பெண்களும் கரையில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆகஸ்டில் மேரியை நார்போக் தீவுக்கு அனுப்பினார்கள். சிட்னிக்குக் கிழக்கே நடுக்கடலில் இருந்த இன்னொரு கைதிக் குடியிருப்பு அது. அங்கே சாப்பாட்டுக் கதை வேறு. சில மாதம் முன்புதான் சிரியஸ் என்ற கப்பல் தீவின் பாறையில் மோதி உடைந்திருந்தது. சிக்கியவர்களைக் காப்பாற்றியது மலையில் பொந்து வைத்து வாழ்ந்த ஒரு கடல் பறவை. ராத்திரி தீப்பந்தத்தோடு போய்க் கையால் பிடித்துக்கொண்டு வருவார்கள். 1790-ல் சில மாதத்துக்குள் 1,70,000 பறவைகளுக்கு மேல் தின்றார்கள். சில வருடத்தில் அந்தத் தீவில் அந்தப் பறவையே இல்லாமல் போனது.

இன்னொன்று, நமக்குச் சிரிப்பு வரும். 1792-ல் அட்லாண்டிக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து அரிசியும் ரவையும் பருப்பும் கொண்டுவந்தது. கஞ்சியும் கிச்சடியும் ஆக வேண்டிய சரக்கு, அதை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. கோதுமை மாவுக்கும் உப்புக்கறிக்கும் பழகிய நாக்கு முகம் சுளித்தது.

வேலை? கசையடி?

ஆரம்பத்தில் அரசாங்க வேலை: மரம் வெட்டு, செங்கல் அறுப்பு, ரோடு, துறைமுகம். ஒரு கட்டத்தில் பகல் மூன்று மணியோடு அரசாங்க வேலை முடிந்துவிடும், மிச்ச நேரம் கூலிக்குப் போகலாம், வாடகைக்குக் குடியிருக்கலாம். அப்புறம் தனியார் பண்ணைகளுக்கு ஆள் ஒதுக்கும் முறை வந்தது. நல்ல எஜமான் கிடைத்தால் பிழைத்தான். மோசமானவன் கிடைத்தால் எதிர்த்துப் பேசியதற்கும் அடி. நடத்தை சரியாக இருந்தால் 'டிக்கெட் ஆஃப் லீவ்' என்ற அனுமதிச் சீட்டு. தண்டனை முடியாமலே சொந்தமாக வேலை பார்க்கலாம், குறித்த பகுதியை விட்டு மட்டும் போகக்கூடாது.

கசையடி சாதாரணமாக நடந்தது. ஜான் ஹட்சன் என்ற பையன் புகைபோக்கி சுத்தம் செய்பவன், லண்டனில் வீடு புகுந்து துணிமணி திருடியதாகத் தண்டனை பெற்றபோது 9 வயது. 1788-ல் வந்து சேர்ந்த அந்த முதல் 11 கப்பல் கூட்டத்தோடு வந்தான். 1791-ல் நார்போக் தீவில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் குடிசைக்கு வெளியே இருந்ததற்காக 50 அடி.

7 வருடத் தண்டனை என்றால் 7 வருடத்தில் ஊர் திரும்பலாம்தானே?

காகிதத்தில் திரும்பலாம். இந்த ஏற்பாட்டின் உண்மையான கொடுமை எனக்கு இதில்தான் தெரிகிறது. கசையடியை எல்லோரும் பேசுகிறோம், இதை யாரும் பேசுவதில்லை.

அரசாங்கம் போக டிக்கெட் எடுத்தது, வர எடுக்கவில்லை. தண்டனை முடிந்த ஆண், ஏதாவது கப்பலில் மாலுமியாகச் சேர்ந்து உழைத்துக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம். சிலர் போனார்கள். பெண்ணை மாலுமியாக யார் சேர்ப்பார்கள்? கப்பல் கூலிக்கு வேண்டிய காசை அவள் எப்படிச் சேர்ப்பாள்? சேர்த்தாலும், அங்கே பிறந்த பிள்ளைகளை என்ன செய்வாள்? 7 வருடம் என்று நீதிபதி வாயால் சொன்னது, பெண்களுக்கு நடைமுறையில் ஆயுள் முழுவதும் ஆனது. நீதிபதிக்கும் அது தெரியும், சட்டம் போட்டவர்களுக்கும் தெரியும் என்பதுதான் என் எண்ணம். குடியேற்றத்தில் ஆள் நிலைக்க வேண்டும், அதற்குப் பெண்கள் வேண்டும். திருட்டுக் கேஸ் அதற்கு வசதியான வழியானது.

ஆண்களுக்கும் இது லேசாக இல்லை. முதல் கப்பல் கூட்டம் கிளம்பும்போது யாருக்கு எத்தனை வருடம், எப்போது முடிகிறது என்ற காகிதங்களை இங்கிலாந்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். 1789-ல் ஜான் கல்லிஹார்ன் என்ற கைதி, என் காலம் முடிந்துவிட்டது, விடுங்கள் என்று கேட்டான். காகிதம் இல்லையே, எப்படி விடுவது? அந்தப் பேச்சில் துணை கவர்னர் சொன்னதாக ஒரு வார்த்தையை அவன் எடுத்துச் சொல்ல, அது அவதூறு என்று வழக்காகி 600 கசையடியும் 6 மாதம் விலங்கும் தீர்ப்பாயிற்று. அவன் காலம் உண்மையிலேயே முடிந்திருந்தது.

யாரும் தப்பி ஓடவில்லையா?

ஓடினார்கள். 1791-ல் அயர்லாந்துக் கைதிகள் இருபது பேர், கூடவே ஒரு கர்ப்பிணிப் பெண், சீனாவுக்கு நடந்து போகலாம் என்று நம்பிக் காட்டுக்குள் கிளம்பினார்கள். நதிக்கு அந்தப் பக்கம் சீனா என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பசியில் சுருண்டு பலர் திரும்பினார்கள்.

அதே வருடம் மார்ச்சில் மேரி பிரையண்ட் என்ற கார்ன்வால் பெண், கணவன், இரண்டு சின்னப் பிள்ளைகள், இன்னும் 7 ஆண்கள், கவர்னரின் படகைத் திருடிக்கொண்டு கிளம்பினார்கள். ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர், பத்து வாரத்துக்குச் சற்றுக் குறைவு, திறந்த படகு. டிமோர் தீவின் குபாங்கில் உயிரோடு கரையேறினார்கள். உடைந்த கப்பலிலிருந்து தப்பியவர்கள் என்று டச்சுக்காரர்களிடம் சொல்லிச் சில காலம் நன்றாகவே ஓட்டினார்கள். பிறகு உண்மை வெளியே வந்தது. இங்கிலாந்துக்குக் கொண்டுபோகும் வழியில் கணவனும் இரண்டு பிள்ளைகளும் செத்தார்கள். அவளுக்கு 1793-ல் மன்னிப்புக் கிடைத்தது. அவள் ஆரம்பத்தில் தண்டனை பெற்றது, ஒரு பெண்ணை மறித்துத் தொப்பியும் வேறு சில சாமானும் பறித்ததற்காக.

கைதிகளுக்கு நிலம் கொடுத்தார்களாமே, அது லாபம்தானே?

கொடுத்தார்கள். இரண்டு வெள்ளிக் கடிகாரம் திருடியதற்கு வந்த ஜேம்ஸ் ரூஸ், 1789 நவம்பரில் சிட்னிக்குப் பக்கத்துப் பாரமட்டாவில் ஒரு குடிசையும் ஒன்றரை ஏக்கரும் விதையும் வாங்கிப் பயிரிட்டுக் காட்டினான். தன் காலில் நின்றுவிட்டான் என்றதும் 30 ஏக்கர் அவனுக்கே. கைதியாக வந்தவன் நிலத்துக்குச் சொந்தக்காரனான முதல் கதை அது. இங்கிலாந்தில் இருந்திருந்தால் ஏழு ஜென்மத்துக்கும் நடக்காது.

ஆனால் யாருடைய நிலம்? சிட்னித் துறையில் கடிகல் மக்கள் இருந்தார்கள், பாரமட்டா பக்கமும் ஹாக்ஸ்பரி நதிக்கரையிலும் தாரக் மக்கள் இருந்தார்கள். 1789-ல் பெரியம்மை வந்து சிட்னி சுற்றுவட்டாரப் பழங்குடிகளில் ஏராளமானோர் செத்தார்கள். ஹாக்ஸ்பரியில் நதியோரம் அவர்கள் தோண்டித் தின்ற கிழங்கு நிலத்தைக் குடியேறிகள் சோளக்கொல்லை ஆக்கியதும் 1794 முதல் சண்டை, துப்பாக்கிச் சூடு. இங்கிலாந்தில் கடைசிப் படியில் இருந்தவன் இங்கே வந்து இன்னொருவன் தலையில் கால் வைத்து ஏறினான். அவனே விரும்பி வரவில்லை என்பதும் உண்மை, ஏறினான் என்பதும் உண்மை.

நம் ஆட்களையும் இப்படி அனுப்பினார்களா?

அனுப்பினார்கள், திசைதான் வேறு. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, 1802-ல் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 70-க்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். அது அரசியல் தண்டனை. சாதாரணக் குற்றவாளிகளும் சென்னை மாகாணத்திலிருந்து சுமத்ரா தீவின் பெங்கூலன், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் போனார்கள். 1825-ல் பெங்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு மாற்றிய கூட்டத்தில் மதராஸ் கைதிகள் இருந்தார்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இந்தியக் கைதிகள் கையால் எழும்பியது. அதன் சுவரில் பூசிய சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்து தேய்த்து மெருகேற்றினார்கள், பெயரே மெட்ராஸ் சுண்ணாம்பு. சிட்னி மாதிரியே அங்கேயும் கைதிகளையே கைதிகளுக்கு மேஸ்திரி ஆக்கினார்கள். ஆனால் அவர்களுக்கு 30 ஏக்கர் கொடுத்து உட்காரவைக்கும் யோசனை யாருக்கும் வரவில்லை.

பெண் கைதிகளுக்கென்று தனியாக எதுவும் இல்லையா?

பாரமட்டாவில் பெண்களுக்கான தொழிற்கூடம் இருந்தது. 1821-ல் பெரிய கட்டடமானது. நூல் நூற்பது, துணி வெளுப்பது. வேலைக்கு ஒதுக்கும்வரை அங்கே வைத்திருப்பார்கள், தண்டனைக்கும் அங்கேதான், பிரசவத்துக்கும் அங்கேதான். பெண் தேடும் ஆண்கள் அனுமதி வாங்கி வந்து வரிசையில் நிற்பவர்களில் ஒருத்தியைக் கேட்டுப் பார்க்கலாம். 1827-ல் ரேஷனைக் குறைத்ததும் பெண்கள் கதவை உடைத்து ஊருக்குள் புகுந்து ரொட்டியும் கறியும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மேரி கடைசியில் என்ன ஆனாள்?

நார்போக் தீவில் டீக் ஹாரிகன் என்ற அயர்லாந்துக் கைதியோடு வாழ்ந்தாள். குழந்தைகள் பிறந்தன. பிறகு சிட்னி பக்கம் வந்தார்கள். ஹாரிகன் திமிங்கில வேட்டைக் கப்பலில் போனவர் அவளிடம் திரும்பவில்லை. அப்புறம் ஜோனதன் புரூக்கர் என்ற இன்னொரு கைதி. ஹாக்ஸ்பரியிலும் பிறகு கேம்பல்டவுன் பக்கமும் பண்ணை வேலை. 1817-ல் முறைப்படி கல்யாணம். 1823-ல் காட்டுத்தீ வீட்டையும் சாமானையும் விழுங்கியது, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இல்லவாரா கடற்கரைப் பக்கம் குடியேறினார்கள். 1833-ல் புரூக்கர் காலமானார்.

மேரி 1859 டிசம்பர் 17 வரை இருந்தார். இனி 'அவர்' என்றுதான் எழுத வருகிறது. வொல்லன்காங் அருகே ஃபேரி மெடோவில், எண்பதைத் தாண்டிய கிழவியாக இறந்தார். மொத்தம் 21 பிள்ளைகள் பெற்றார், ஏழு பேர் வளர்ந்தார்கள் என்பது குடும்ப வரலாறு. சாகும்போது பேரன், கொள்ளுப்பேரன் என்று 300-க்கும் மேற்பட்ட வாரிசுகள் உயிரோடு இருந்தார்கள்.

அந்த வம்சத்தில் இப்போது யாராவது தெரிந்தவர்கள் உண்டா?

2007-ல் ஆஸ்திரேலியப் பிரதமரான கெவின் ரட் அந்த வம்சம்தான். அவருடைய இன்னொரு முன்னோர் தாமஸ் ரட், சர்க்கரை மூட்டை திருடியதற்காக 1801-ல் கப்பலில் வந்தவர்.

ஒரு காலத்தில் இதையெல்லாம் வெளியே சொல்ல மாட்டார்கள். குடும்பத்தில் கைதி இருந்தால் கறை என்று, குடும்பத்தார் பெயர்களை எழுதிவைக்கும் வீட்டு பைபிளில் எழுதிய பெயரைக்கூட மறைத்தவர்கள் உண்டு. இப்போது தலைகீழ், முதல் கப்பல் கூட்டத்தில் ஒரு திருடன் கிடைத்துவிட்டால் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ரட்டிடம் அவருடைய முன்னோர் பற்றிய ஆவணத்தை 2008-ல் கொடுத்தார்கள். அதே வருடம் பிப்ரவரி 13 அன்று, பெற்றோரிடமிருந்து அரசாங்கம் பறித்துக்கொண்டுபோன பழங்குடிக் குழந்தைகளிடம் நாடாளுமன்றத்தில் நின்று மன்னிப்புக் கேட்டிருந்தார் அவர்.